கிட்டங்கிக்கு வந்த புது ஆள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் முதலிய ஊர்களிலிருந்து கப்பலேறிச் சென்ற நகரத்தார்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நடத்திய கிட்டங்கிகளைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் விஷயம் பாதி விளங்கிவிட்டதென்றே கொள்ளலாம். கிட்டங்கி என்பது ஒரே கூரையின்கீழ் நீண்டு கிடக்கும் கூடம்; அதனுள் தனித்தனி லேவாதேவிக் கடைகள் பல, இடையே சுவரோ தடுப்போ இல்லாமல், ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டியும் ஒரு சாய்மேசையுமாக அடுத்தடுத்து நடந்துவந்தன. ஊரிலிருக்கும் முதலாளி அனுப்பிவைக்கும் ஆள் மூன்று ஆண்டுக் கணக்குக்காக அங்கே வந்து சேருவார். அவர் வந்து இறங்கியதும் உட்கார இடம் வேண்டும். எந்த விலாசத்துக்கு வந்தவர் என்பது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். இரும்புப் பெட்டியின் சாவி யாரிடம், கோர்ட்டு வக்கீல் யார், உள்ளூர்ப் பாஷை பேசுகிறவர் யார் என்ற விவரங்கள் கிடைக்க வேண்டும். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்புவித்துவிட்டு, தம் கையெழுத்தை நம்பி நிற்கும் பாக்கி எதையும் விட்டுவைக்காமல் ஊர் திரும்ப வேண்டும்.

அந்த ஆள் சிறு வயதில் கற்ற வட்டிக் கணக்கு எந்தத் துறைமுகத்திலும் மாறுவதில்லை. ஆனால் இரங்கூனில் ஆங்கிலேயர் சட்டம், சைகோனில் பிரெஞ்சுக்காரர் சட்டம். நாணயம் வேறு, பாஷை வேறு, பத்திரம் எழுதும் முறை வேறு. ஓரிடத்தில் கேட்காமலே செய்து கொடுக்கப்படும் காரியத்துக்கு மற்றோரிடத்தில் முன்கூட்டியே எழுதி வாங்கியிருக்க வேண்டும். இந்த வேற்றுமைகளையெல்லாம் ஒவ்வோர் ஆளும் தனித்தனியே அறிந்திருக்க வேண்டியதில்லை என்ற நிலையை உண்டாக்கியதில்தான் கிட்டங்கி என்ற ஏற்பாட்டின் பெருமை அடங்கியிருந்தது என்பது என் அபிப்பிராயம்.

கணிப்பொறிக்குள் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்றும் ஏறக்குறைய இப்படிப்பட்ட ஒரு கூடந்தான். நிரல் உருவாகும்போதே தனக்கு வேண்டிய சகல காரியங்களையும் தன் உடலோடு ஒட்டவைத்துக்கொண்டு பிறப்பது ஒரு முறை. அப்படிப் பிறந்த நிரலுக்குப் பிற்பாடு யாருடைய தயவும் வேண்டாம். ஆனால் அது பருத்திருக்கும், புதிதாக ஒன்றையும் கற்றுக்கொள்ளாது. மற்றொரு முறையோ, நிரல் தன் முக்கிய வேலைகளை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றைத் தனித்தனிக் கோப்புகளாக வட்டில் இருக்கவிட்டு, தேவை நேரும் கணத்தில் அவற்றுள் ஒன்றை நினைவகத்துக்கு அழைத்து, அதனிடம் வேலை வாங்கிக்கொள்வது. அவ்விதம் அழைக்கப்படும் கோப்பை நாம் கூறு என்றும், அழைக்கும் நிரலைத் தாய்நிரல் என்றும் குறிப்பிடுவோம். தாய்நிரலை எழுதியவர் கனவிலும் நினையாத ஒரு காரியத்தை, அவரை அறியாத ஒருவர், அவர் நிரலில் ஒரெழுத்தையும் தொடாமல் செய்விக்க இதனால் முடிகிறது.

இந்த யுக்தி மிகவும் பழையது. 1960-களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் பெல் ஆய்வுக்கூடமும் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியும் சேர்ந்து உருவாக்கிய மல்ட்டிக்ஸ் என்னும் இயங்குதளத்தில், ஒரு செயற்கூறு, அதாவது ஒரு காரியத்தைச் செய்து தரும் சிறு நிரற்பகுதி, முதன்முறை அழைக்கப்படும்போதுதான் அதன் இருப்பிடம் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு இணைக்கப்படும். மல்ட்டிக்சின் பாரம் தாங்காமல் விலகிவந்த கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969-இல் தொடங்கிய யூனிக்சில் இந்த வசதி இடம்பெறவில்லை; எளிமை ஒன்றையே விரதமாகக் கொண்ட அத்தளத்துக்கு அது மிகையாகப் பட்டிருக்கலாம். ஏறத்தாழ இருபதாண்டு காலம் யூனிக்ஸ் நிரல்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் உடலோடு சுமந்தே வாழ்ந்தன. சன் கம்பெனியின் யூனிக்சாகிய சன்ஓஎஸ்சின் 1988-இல் வெளிவந்த நான்காம் பதிப்பு, ஓடும்போது இணைத்துக்கொள்ளும் நூலகங்களைக் கொண்டுவந்தது. அங்கே வேரூன்றிய டிஎல்-ஓப்பன், டிஎல்-சிம், டிஎல்-குளோஸ் என்னும் கட்டளைகள் யூனிக்சின் சிஸ்டம்-ஐந்து நான்காம் வெளியீட்டின் வழியாகப் பரவின. முதலாவது கூற்றை அழைக்கும். இரண்டாவது அதனுள் ஒரு பெயரைச் சொல்லி அதன் முகவரியைக் கேட்கும். மூன்றாவது விடைகொடுத்து அனுப்பும்.

இத்துடன் எல்லாம் ஒழுங்காகியிருந்தால் எழுத அதிகம் இருந்திராது. யூனிக்ஸ் ஒரு குடும்பமாகப் பெருகிய காலம் அது; ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டாலும் ஒவ்வொரு கம்பெனியும் தன் வீட்டைத் தன் மனம்போல் கட்டிக்கொண்டது. ஹியூலெட்-பேக்கர்டின் ஹெச்பி-யூஎக்ஸ், எஸ்எச்எல்-லோடு என்று வேறொரு பெயரில் வேறொரு கட்டளையை வைத்துக்கொண்டது. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ், லோடு என்று ஒன்றை வைத்துக்கொண்டதோடு, கூற்றை நேரே கோப்பாக வைக்காமல் ஓர் ஆவணக்கட்டுக்குள் பொதிந்துவைக்கும் வழக்கத்தையும் மேற்கொண்டது. நெக்ஸ்ட் கம்பெனியின் தளமும் அதன் வழிவந்த மேக் ஓஎஸ் எக்சும் மாக்-ஓ என்னும் கோப்பு வடிவத்தையே கையாண்டு, எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் நூலகம் ஓர் இனம், ஓடும்போது ஏற்றப்படும் கூறு வேறோர் இனம் என்று பிரித்துவைத்தன. மற்றத் தளங்களில் இவ்விரண்டும் ஒன்றே. கோப்பின் பெயருக்கு வரும் ஈறுகூட, பெரும்பாலான இடங்களில் எஸ்ஓ, ஹெச்பியில் எஸ்எல், ஏஐஎக்சில் ஏ, மேக்கில் டைலிப் அல்லது பண்டில் என்று வேறுபட்டது. 1997-இல் வெளியான ஒருமை யூனிக்ஸ் வரையறையின் இரண்டாம் பதிப்பு டிஎல்-ஓப்பன் குடும்பத்தைப் பொதுவழக்காக ஏற்றுக்கொண்டது. ஆனால் வரையறை ஏட்டில் ஏறுவதற்கும் இயந்திரங்களில் இறங்குவதற்கும் நடுவே பல ஆண்டுகள் கிடந்தன. மேக் தளத்துக்கு அக்கட்டளை 2003-இல்தான் வந்து சேர்ந்தது.

இவையெல்லாம் தூரதேசத்துக் கம்பெனிகளின் சங்கதி, நமக்கென்ன என்று கேட்கத் தோன்றும். ‘கொ’ என்ற எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கணிப்பொறியின் நினைவகத்தில், யூனிகோடு முறைப்படி, இந்த எழுத்து இரண்டு அடையாளங்களாக இருக்கிறது: முதலில் ககரம், அதன்பின் ஒகரத்தின் குறி. நாம் உச்சரிக்கும் வரிசையும் அதுவே. திரையிலோ, ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னே போய் நிற்க வேண்டும், கால் பின்னே வர வேண்டும். ஒரே குறி இரண்டாகப் பிளந்து மெய்யின் இருபுறமும் அமரும் இந்த வழக்கம் நமக்கு முதல் வகுப்பிலேயே பழகிப்போனது. இலத்தீன் எழுத்துகளை வரிசையாக அடுக்கிப் பழகிய நிரல்களுக்கு அது அந்நியம். அரபியில் எழுத்து தன் அண்டை எழுத்துக்கேற்ப உருமாறுகிறது; தேவநாகரியில் மெய்கள் கூடிக் கூட்டெழுத்தாகின்றன; தாய்லாந்து மொழியில் சொற்களுக்கிடையே இடைவெளியே இல்லை. உலகத்து எழுத்துகளின் இத்தனை சுபாவங்களையும் ஒரே நிரலுக்குள் ஒரே மனிதர் எழுதிவைப்பது எங்ஙனம்?

1999-ஆம் ஆண்டளவில் ரெட் ஹேட் நிறுவனத்தைச் சேர்ந்த ஓவன் டெய்லர் முதலியோர் தொடங்கிய பாங்கோ என்னும் நூலகம் இக்கேள்விக்குச் சொன்ன விடைதான் நம் அத்தியாயத்தின் நடுநாயகம். எல்லாம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் மொழி எனப் பொருள்படும் ஜப்பானியச் சொல்லையும் சேர்த்து அதற்குப் பெயரிட்டார்கள். வரி உடைத்தல், எழுத்துரு தேடல் முதலிய பொதுக்காரியங்கள் பாங்கோவின் உடலில் இருந்தன. ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் உரிய நுட்பம், அந்த எழுத்தை அறிந்தவர் எழுதிய தனித்தனிக் கூற்றில் இருந்தது. தொடக்க காலத்தில் தமிழுக்கென்றே ஒரு கூறு இருந்தது. பிற்பாடு இந்திய எழுத்துகள் பலவற்றுக்கும் பொதுவான கூறு வந்தது. திரையில் தமிழ்ச்சொல் ஒன்று வந்ததும் பாங்கோ தன் பட்டியலைப் பார்த்து, இதற்குரிய கூற்றை வட்டிலிருந்து அழைத்து, கொம்பை முன்னே கொண்டுபோய் வைக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கும். ஆங்கிலம் மட்டும் படிக்கும் ஒருவருடைய இயந்திரத்தில் தமிழ்க் கூறு ஒருநாளும் நினைவகத்தில் ஏறாது. ஜிடிகே என்னும் இடைமுக நூலகத்தின் 2002-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பும், அதை அஸ்திவாரமாகக் கொண்ட க்னோம் மேசைத்தளமும் இப்படித்தான் தமிழைக் காட்டின.

தமிழ்க் கூற்றை எழுதியவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. எழுத்துருவின் நுட்பம் தெரிந்திருந்தது. ஹெச்பி-யூஎக்சின் எஸ்எச்எல்-லோடும் ஏஐஎக்சின் ஆவணக்கட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் என்ன? அந்த அவசியத்தை நீக்கியது ஜிலிப் நூலகத்தின் ஓர் அங்கமாகிய ஜிமாட்யூல். 1999-இல் வெளிவந்த ஜிலிப் 1.2-இலேயே அது இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரே வாசல்: கூற்றைத் திற, பெயரைக் கேள், மூடு. உள்ளே நுழைந்தாலோ டிஎல்-ஓப்பன் உள்ள தளங்களுக்கு ஒரு கோப்பு, ஹெச்பி-யூஎக்சுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று, ஏஐஎக்சின் ஆவணக்கட்டுக்கு ஒன்று, விண்டோசுக்கும் பிஓஎஸ்சுக்கும் தனித்தனியே ஒவ்வொன்று என்று அடுக்கியிருக்கும். நிரலை உருவாக்கும்போது, இந்த இயந்திரம் எவ்வினத்தது என்று சிறுசிறு சோதனைகளால் கண்டறிந்து, அதற்குரிய ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். பெர்ல் மொழியின் ஐந்தாம் பதிப்பும் பைத்தானும் இதே வழியைத் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டிருந்தன. அவற்றின் மூலநிரலைத் திறந்து பார்ப்பவர்கள், தளத்துக்கொன்றாக ஏற்றுக் கோப்புகள் வரிசை வரிசையாக நிற்பதைக் காணலாம்.

ஆனால் கட்டளைகளின் பெயர் வேறுபடுவது மட்டுமே இடர்ப்பாடாயின் இது ஒரு மாலைப்பொழுதின் வேலை. உண்மையான கஷ்டம், ஒவ்வொரு தளமும் வாய்விட்டுச் சொல்லாமல் தன் மனத்துக்குள் வைத்திருக்கும் நியமங்களிலேயே இருக்கிறது.

முதலாவது, இடம். கூறு நினைவகத்தில் எந்த முகவரியில் அமரும் என்பது அதை எழுதும்போது தெரியாது. லினக்சின் பிள்ளைப்பருவத்தில், ஏ-அவுட் என்னும் பழைய கோப்பு வடிவம் வழங்கிய காலத்தில், ஒவ்வொரு பகிர்வு நூலகத்துக்கும் இன்ன முகவரி என்று முன்னதாகவே மனையளந்து ஒதுக்கி, யாருக்கு எது என்று பதிவேடு வைத்துக் காத்துவந்தார்கள். இருவர் ஒரே மனையைப் பிடித்தால் இருவரையும் ஒன்றாகக் குடியேற்ற முடியாது. 1995-ஐ ஒட்டி லினக்ஸ், எல்ஃப் என்னும் வடிவத்துக்கு மாறியபோது இந்தத் தொல்லை ஒழிந்தது. எங்கே உட்கார்த்தினாலும் வேலை செய்யும்படி, தன்னிலிருந்து இத்தனை தூரம் என்று கணக்கிட்டே எல்லாவற்றையும் சுட்டும் இடஞ்சாரா நிரலாகக் கூற்றை ஆக்கும் வழி வந்தது. இதற்குக் கம்பைலரிடம் தனியே ஒரு சொல் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லும் சன்னில் ஒன்று, ஹெச்பியில் ஒன்று, ஜிஎன்யூ கம்பைலரில் ஒன்று, ஏஐஎக்சிலோ சொல்லவே தேவையில்லை. பழைய 32 பிட்டு இன்டெல் இயந்திரத்தில் கூறுகளை நினைவகத்தில் ஏற்றிவைக்கும் லினக்சின் ஏற்றி மிகவும் தாராள மனத்தோடு நடந்துகொண்டது. அந்தச் சொல்லை மறந்து உருவாக்கிய கூற்றையும், ஏற்றும் நேரத்தில் அதன் உடலெங்கும் முகவரிகளைத் திருத்தி எழுதி, ஒருவாறு ஓட்டிவிடும். 64 பிட்டு இயந்திரங்கள் வந்தபோது அதே கூற்றை, நிரற்பகுதிகளை ஒன்றாகச் சேர்த்துக் கோப்பாக்கும் இணைப்பி ஏற்க மறுத்தது. பல ஆண்டுகள் குறையின்றி ஓடிய நிரல் ஒரே இரவில் பிழையுடையதாகிவிட்டதென்று அநேகர் திகைத்தார்கள். பிழை முதல் நாளிலிருந்தே இருந்தது, மன்னிக்கும் ஏற்றி ஒன்று அதை மறைத்துவைத்திருந்தது.

இரண்டாவது, பெயர். இதில் நாம் சற்று நிதானித்து நிற்க வேண்டும், ஏனெனில் செட்டிநாட்டார் இதை அறிந்த அளவு வேறு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். பேரனுக்குப் பாட்டன் பெயரை வைக்கும் வழக்கத்தால் ஒரே ஊரில் ஒரே பெயருடையவர் பலர் இருப்பது நகரத்தாரிடையே சகஜம். கிட்டங்கிக் கூடத்தில் நின்று ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான்கு பேர் திரும்பிப் பார்க்கக்கூடும். ஆகவே தந்தை, பாட்டன் முதலானோரின் பெயர்களிலிருந்து எடுத்த முன்னெழுத்துகளைக் கோத்து ஒவ்வொரு கடைக்கும் ஒரு விலாசம் ஏற்படுத்தி, பெட்டியிலும் பேரேட்டிலும் உண்டியலிலும் அதையே பொறித்தார்கள். விலாசமும் பெயரும் சேர்ந்தாலொழிய ஆளை இன்னார் என்று அறுதியிட முடியாது.

கணிப்பொறியிலும் இதே நிலைமை நேர்கிறது. கூறு எழுதும் ஒவ்வொருவரும் தம் கூற்றில் தொடங்கு என்ற பொருளில் ஒரு செயற்கூறு வைப்பார். பெரும்பாலோர் அதற்கு ஒரே பெயரைத்தான் வைப்பார்கள். எல்ஃப் வழங்கும் தளங்களில் பெயர்கள், விலாசமில்லாமல் ஒரே பொதுக்கூடத்தில் தேடப்படுகின்றன; முதலில் அகப்படுபவரே விடை சொல்வார். எனவே முதற்கூற்றின் தொடங்கு என்பது இரண்டாம் கூற்றின் தொடங்கு என்பதற்குப் பதிலாக வந்து நின்றுவிடலாம். வேலை நடந்தது போலத் தோன்றும், நடந்ததோ வேறொருவர் வேலை. இதைத் தடுக்க, கூற்றின் பெயர்களைப் பொதுவில் வைப்பதா, தனக்குள்ளேயே வைப்பதா என்று அழைக்கும்போதே சொல்ல டிஎல்-ஓப்பனில் இடம் உண்டு. ஆயினும் ஒன்றும் சொல்லாவிட்டால் எது என்பதில் தளங்கள் ஒன்றுபடவில்லை. மேக் ஓஎஸ் எக்ஸ், 2001-இல் வந்த 10.1 பதிப்பிலிருந்து, ஒவ்வொரு பெயரோடும் அது எந்த நூலகத்திலிருந்து வர வேண்டும் என்பதையும் பதிந்துவைக்கும் ஈரடுக்கு முறையை மேற்கொண்டது. அதாவது விலாச முறைக்கு வந்து சேர்ந்தது. கோர்டன் மாட்ஸிகைட் 1990-களின் நடுவில் தொடங்கிய ஜிஎன்யூ லிப்டூல், தளத்தை நம்பாமல் ஆளிடமே விலாசத்தை ஒட்டிவிடும் வழியைத் தேர்ந்தது: கூற்றின் பெயர், நடுவே எல்டிஎக்ஸ் என்ற மூன்றெழுத்து, அதன்பின் செயற்கூற்றின் பெயர் என்று நீட்டி எழுதச் சொன்னது. ஓடும்போது ஏற்றும் வசதியே இல்லாத தளங்களில், கூறுகளை முன்னதாகவே தாய்நிரலின் உடலோடு சேர்த்துவைத்து, ஏற்றுவது போலக் காட்டவும் அது ஏற்பாடு செய்திருந்ததால், எல்லாப் பெயர்களும் ஒரே உடலில் மோதிக்கொள்ளாமலிருக்க இந்த விலாசம் இன்றியமையாததாயிற்று.

பெயரில் இன்னொரு நுண்ணிய வேற்றுமையும் உண்டு. யூனிக்சின் ஒரு கிளையாகிய பிஎஸ்டியின் சில பழைய தளங்களில் சி மொழியின் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் கம்பைலர் ஓர் அடிக்கோட்டைச் சேர்த்துவிடும். ஆனால் டிஎல்-சிம்மிடம் கேட்கும்போது அந்தக் கோட்டை நாமேதான் சேர்த்துக் கேட்க வேண்டும். வேறு தளத்தில் சேர்த்துக் கேட்டால் அப்படி ஒருவரும் இல்லை என்று விடை வரும். ஒரு கோட்டுக்காக ஜிமாட்யூலும் லிப்டூலும் தனிச் சோதனை வைத்திருக்கின்றன என்பதை நினைக்கும்போது, இவற்றைப் பராமரித்தவர்களின் பொறுமைக்கு நாம் வணக்கம் செலுத்தத்தான் வேண்டும்.

மூன்றாவது, கூறு தாய்நிரலிடம் எதிர்பார்க்கும் உதவி. தமிழ்க் கூறு தன் வேலையைச் செய்ய, பாங்கோவின் உடலிலுள்ள சில செயற்கூறுகளைத் திருப்பி அழைக்க வேண்டியிருக்கிறது. கூற்றை உருவாக்கும் நேரத்தில் அவை அதன் கையில் இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையோடு அது புறப்படுகிறது. எல்ஃப் தளங்கள் இந்த நம்பிக்கையை ஏற்கின்றன. ஆனால் உதவி தாய்நிரலின் சொந்த உடலிலேயே இருந்தால், அந்தப் பெயர்களை வெளியே தெரியும்படி வைக்கச் சொல்லித் தாய்நிரலை உருவாக்கியிருக்க வேண்டும். ஏஐஎக்சில் இன்னின்ன பெயர்கள் வெளியிலிருந்து வரும், இன்னின்ன பெயர்கள் வெளியே போகும் என்று பட்டியல் எழுதிக் கொடுத்தாலன்றி இணைப்பி சம்மதிக்காது. மேக் தளமோ, எந்தத் தாய்நிரலுக்காக இந்தக் கூறு செய்யப்படுகிறதென்று அதன் பெயரையே கேட்கும். நம்பிக்கையின் பேரில் ஆளை அனுப்பும் ஊரும் பவர் பத்திரம் கேட்கும் ஊரும் ஒரே வரைபடத்தில் இருந்தன என்று சொன்னால் செட்டிநாட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

தேடும் பாதையைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. நூலகங்களை எங்கே தேடுவதென்று சொல்லும் சூழல் மாறிக்கு லினக்சிலும் சன்னின் சோலாரிசிலும் ஒரு பெயர், ஹெச்பியில் ஒரு பெயர், ஏஐஎக்சில் ஒரு பெயர், மேக்கில் ஒரு பெயர் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். இன்னொன்றும் குறிக்கத்தக்கது: டிஎல்-சிம் கையில் கொடுப்பது தரவைச் சுட்டும் சுட்டு, நமக்கு வேண்டியதோ செயற்கூற்றைச் சுட்டும் சுட்டு. ஒன்றை மற்றொன்றாக மாற்றலாம் என்று சி மொழியின் தரநூல் உறுதி கூறவில்லை. யூனிக்ஸ் தளங்களுக்கான போசிக்ஸ் என்னும் வரையறை உறுதி கூறுகிறது. யூனிக்ஸ் நிரல்கள் யாவும் இந்த இரண்டாவது உறுதிமொழியின் பலத்தில்தான் நடக்கின்றன.

கடைசியில், விடைபெறுதல். வந்த ஆள் தம் கையெழுத்தில் எழுதிக்கொடுத்த பத்திரம் ஒன்று சந்தையில் உலவிக்கொண்டிருக்க, அவர் கப்பலேறிவிட்டால் என்ன நேருமோ அதுவே இங்கும் நேருகிறது. நிரல் முடியும்போது என்னை ஒருமுறை அழையுங்கள் என்று கூறு சொல்லிவைத்திருக்கும். இடையில் டிஎல்-குளோஸ் அதை நினைவகத்திலிருந்து அகற்றிவிடும். முடியும் தறுவாயில் தாய்நிரல் அந்த முகவரிக்குப் போனால் அங்கே ஒன்றும் இல்லை, நிரல் அலறி விழும். இதற்கஞ்சியே ஜிமாட்யூல், ஒரு கூற்றை நிரந்தரவாசியாக்கிவிடும் வசதியையும் வைத்திருக்கிறது. ஆல்ப்பைன் லினக்சில் வழங்கும் மஸ்ல் என்னும் சி நூலகம் இன்னும் ஒருபடி மேலே சென்று, டிஎல்-குளோஸ் அழைக்கப்பட்டாலும் எதையும் அகற்றுவதில்லை என்று தீர்மானித்துவிட்டது. வரையறை அதற்கு இடம் தருகிறது. ஆனால் கூற்றை அகற்றி மறுபடி ஏற்றினால் அதன் மாறிகளெல்லாம் புதிதாகத் தொடங்கும் என்று எண்ணி எழுதிய நிரல், ஜிஎன்யூவின் நூலகத்தில் ஒருவிதமாகவும் மஸ்லில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். இரண்டும் லினக்சே என்பதைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு 2011 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளில், விண்டோசோடு பாஸ் லினக்சும் சேர்த்து நிறுவப்பட்டிருந்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாரத இயங்குதளம். டெபியனை அடிப்படையாகக் கொண்டது, க்னோம் மேசைத்தளம் உடையது. ஆகவே சிவகங்கை மாவட்டத்துப் பெண் ஒருத்தி அதைத் திறந்து தமிழில் தன் பெயரைப் படித்தபோது, மேலே சொன்ன ஏற்பாடு முழுவதும் அவள் கண்ணுக்குத் தெரியாமல் நடந்தேறிக்கொண்டிருந்தது. பாங்கோ தன் பட்டியலைப் பார்த்தது. ஜிமாட்யூல் வாசலைத் திறந்தது. இந்திய எழுத்துகளின் கூறு வந்து அமர்ந்து கொம்பை முன்னே வைத்தது.

அந்தப் பட்டியல் ஒரு சிறிய கோப்பு. எந்த எழுத்துக்கு எந்தக் கூறு, அது எந்த அடைவில் என்பதைத் தனி நிரல் ஒன்று ஆராய்ந்து முன்கூட்டியே எழுதிவைக்கும். ஒவ்வொரு முறையும் எல்லாக் கூறுகளையும் திறந்து விசாரித்துக்கொண்டிருந்தால் நேரமாகும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆனால் கூறுகள் இடம் மாறியும் பட்டியல் மாறாமல் நின்றுவிட்டால், அல்லது 64 பிட்டுத் தளத்தில் 32 பிட்டு நிரல் ஒன்று தவறான பட்டியலைப் படித்துவிட்டால், ஒரு கூறும் கிடைக்காது. அப்போது திரையிலுள்ள எழுத்துகள் அனைத்தும், ஆங்கிலம் உட்பட, வெறும் கட்டங்களாக மாறிவிடும். கூறுகள் எவையும் கிடைக்கவில்லை என்று பாங்கோ ஓர் எச்சரிக்கையை எழுதத்தான் செய்யும், எழுதுவது முனையத்தில். படத்தைச் சொடுக்கி நிரலைத் திறக்கும் மாணவிக்கு முனையம் ஏது? அவள் காண்பது கட்டங்களை மட்டுமே. ஏற்றுவது தவறும்போது, எந்தக் கோப்பைத் தேடினோம், எங்கே தேடினோம், ஏன் மறுக்கப்பட்டோம் என்பதைப் பயனரின் கண்ணெதிரே தெளிவாகச் சொல்லாத நிரலை நான் முழுமை பெற்றதாகக் கருதுவதில்லை. டிஎல்-ஓப்பன் குடும்பத்தின் நான்காவது உறுப்பினராகிய டிஎல்-எரர், பிழையை எண்ணாகக் கூறாமல் வாக்கியமாகவே கூறுகிறது. அந்த வாக்கியத்தை வாங்கி உரியவரிடம் சேர்ப்பிக்காமல் வழியிலேயே போட்டுவிடும் நிரல்கள் இன்றும் ஏராளம்.

பாங்கோவின் கதை அதோடு முடியவில்லை. பெஹ்தாத் எஸ்பஹ்போத் வளர்த்த ஹார்ஃப்பஸ் என்னும் நூலகம், எல்லா எழுத்துமுறைகளின் நுட்பத்தையும் ஒரே உடலில், ஒரே ஒழுங்கில் எழுதிவிட முடியும் என்று காட்டியது. 2012-இல் பாங்கோ அதை ஏற்றுக்கொண்டது. எழுத்துகளுக்கான தனித்தனிக் கூறுகள் தேவையற்றுப் போயின. 2015-இல் கூறுகளை ஏற்றும் வசதியே பாங்கோவிலிருந்து நீக்கப்பட்டது. இது தோல்வி என்று சிலர் எண்ணக்கூடும். நான் அவ்வாறு எண்ணவில்லை. உலகின் எழுத்துமுறைகளை அறிந்தவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் சிதறிக்கிடந்த காலத்தில், ஒவ்வொருவரும் தம் பங்கை மற்றவர் அனுமதிக்குக் காத்திராமல் கொண்டுவந்து சேர்க்கக் கூறுகளே வழி செய்தன. யாவும் ஓரிடத்தில் திரண்டபின், ஒவ்வொரு தளத்தின் ஏற்றியோடும் மல்லுக்கட்டும் செலவுக்குத் தக்க லாபம் இல்லாது போயிற்று. அடிக்கடி மாறாதது, எல்லோருக்கும் எப்போதும் வேண்டியது, இவ்விரு தன்மையும் உள்ளதைத் தாய்நிரலின் உடலிலேயே வைத்துவிடுவது நலம் என்பது என் முடிவு.

தமிழை உள்ளே தட்டும் வேலைக்கு இன்றும் கூறுகளே வருகின்றன. தமிழ்99, அஞ்சல், தட்டச்சு என்று விசைப்பலகை முறைகள் பல. அவற்றை நடத்திவைக்கும் ஐபஸ் முதலிய ஏற்பாடுகளும் பல. எந்த இயந்திரத்தில் எது இருக்கும் என்பதை ஜிடிகே எழுதியவர்கள் முன்னதாக அறிய வழியில்லை. எனவே ஜிடிகே நிரலில் நீங்கள் தமிழ் தட்டத் தொடங்கும்போது உள்ளீட்டுக் கூறு ஒன்று, ஜிமாட்யூலின் அதே வாசல் வழியாக, அதே முறையில் வந்து அமர்கிறது.

காரைக்குடியிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள கல்லூரிகளில் நிரல் எழுதப் பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் லினக்சில் எழுதி ஓடவைத்த கூறு ஒன்றை, முடிந்துவிட்டதென்று எண்ணுமுன், ஒருமுறை ஃப்ரீபிஎஸ்டியிலும் ஒருமுறை ஆல்ப்பைன் லினக்சிலும் ஏற்றிப் பாருங்கள். இரண்டும் விலையின்றிக் கிடைக்கின்றன. வீட்டில் ஒதுக்கிவைத்த பழைய மடிக்கணினியிலேயே அவை ஓடும்.